பழைய வால்வு றேடியோவை மீண்டும் பேச வைத்தல்



கல்முனையிலிருந்து அறுகம்பே வரை நீண்டு கிடக்கும் எங்கள் கரையோர ஊர்களில் பழைய வீடொன்றை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, பரணிலிருந்தோ அலுமாரியின் பின்னாலிருந்தோ சில வேளைகளில் ஒரு பெரிய மரப்பெட்டி வெளிவருவதுண்டு. முகப்பில் பொன்னிறத் துணி. அதன் கீழே ஊர்ப்பெயர்கள் எழுதிய கண்ணாடி. இரு பக்கமும் தந்த நிறக் குமிழ்கள். வீட்டு முதியவர் கண்டவுடன், "இது எங்கள் வாப்பா வாங்கிய றேடியோ" என்பார். பக்கத்தில் நிற்கும் இளைஞர் உடனே அதன் கம்பியைத் தேடியெடுத்துச் சுவரிற் சொருகி, "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்பார். இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு கணத்தைப் பற்றியதே. நாற்பது ஐம்பது ஆண்டுகள் உறங்கிய பெட்டியை, தட்டியெழுப்பிய முதல் ஐந்து நிமிடங்களே கொன்றுவிடுகின்றன. சில வேளைகளில் எழுப்பியவருக்கும் அதனால் ஆபத்து நேரலாம்.

வால்வு என்பது காற்று நீக்கிய ஒரு கண்ணாடிக் குழாய். அதன் நடுவே உள்ள கதோட்டு சூடேறியதும் இலத்திரன்களை உமிழ்கின்றது. சுற்றியுள்ள அனோட்டு தன் உயர் வோல்ற்றளவினால் அவற்றை இழுத்துக்கொள்கின்றது. இரண்டுக்கும் இடையே நெய்யரி எனப்படும் மெல்லிய கம்பிச் சுருள் நிற்கின்றது. மதகுப் பலகையை ஒரு சாண் உயர்த்தியும் தாழ்த்தியும் வயலுக்குப் பாயும் வெள்ளத்தை விவசாயி அடக்கியாளுவதுபோல, நெய்யரிக்குக் கொடுக்கும் சிறு மாற்றம் அனோட்டுக்குப் பாயும் பெரும் மின்னோட்டத்தை அடக்கியாளுகின்றது. 1904இல் ஆங்கிலேயரான ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இரு முனை வால்வை ஆக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட் மூன்றாம் முனையை இடையிற் சேர்த்தார். அந்த மூன்றாம் முனையின் மேல்தான் வானொலிக் கலை எழுந்தது எனலாம். 1947ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வுகூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்த பின்னரும், வீட்டுப் பெட்டிகளில் வால்வின் ஆட்சி மேலும் பல ஆண்டுகள் நீடித்தது.

இலங்கையில் ஒலிபரப்பு, தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரின் முயற்சியால் 1925 திசம்பர் 16ஆந் திகதி தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமைக்கென ஏக்கலையில் அமைக்கப்பட்ட வலுமிக்க சிற்றலைப் பரப்பி, போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த ஆண்டுகளில், துணைக்கண்டத்தின் பெரும்பகுதி தன் செவியைக் கொழும்பு நோக்கித் திருப்பியது. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் வீட்டுக் குரலாயிற்று. இந்த வரலாறு முழுவதும் கேட்கப்பட்டது வால்வுப் பெட்டிகளிலேயே. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அனுமதிப்பத்திரம் எடுத்துத்தான் அதனை வீட்டில் வைத்திருக்கலாம். ஆகையால் ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. நோன்பின் கடைசி நாள்களில் பிறை பற்றிய அறிவித்தலுக்காக அந்த வீட்டு முற்றம் நிறைந்துவிடும்.

அத்தகைய பெட்டிகள் எங்கள் பகுதியில் இன்று அரிதாகிவிட்டதற்குக் காரணங்கள் பல. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கிழக்கில் எத்தனையோ வீடுகளின் கூரையைக் கொண்டு சென்றது. 2004 திசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கடலோரத் தெருக்களையே கொண்டு சென்றது. இடையில் போரும் இடப்பெயர்வும் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் முன்பே ட்ரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், ஊருக்கு ஒரு றேடியோத் திருத்துநர் கிடைத்த பாகங்களைக் கொண்டு பழைய பெட்டிகளின் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். கதவு திறந்ததும் யப்பானிய ஒலிநாடாப் பெட்டிகள் வந்தன. மத்திய கிழக்கில் உழைத்து மீண்டவர்கள் பெட்டிகளோடு அவற்றையும் கொணர்ந்தார்கள். வால்வு றேடியோ பரணுக்கு ஏறியது.

வாங்க விரும்புவோர் முதலிற் பார்க்க வேண்டியது பெட்டியின் மினுமினுப்பையன்று, அதன் முதுகை. பின் அட்டையைக் கழற்றி வால்வுகளின் பெயரைப் படியுங்கள். ஐரோப்பிய வால்வுகளின் பெயரே அவற்றின் சாதகம். முதல் எழுத்து சூடேற்றும் முறையைச் சொல்லும். 'ஈ' என்று தொடங்கினால் 6.3 வோல்ற்று; அப்பெட்டியில் பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் இருக்கும். 'யூ' என்று தொடங்கினால் வால்வுகள் யாவும் ஒரே வரிசையில் 100 மில்லியம்பியரில் சூடேறுவன. 'டி' எனில் அது பற்றரிப் பெட்டிக்குரிய 1.4 வோல்ற்று வால்வு. அடுத்து வரும் எழுத்துகள் தொழிலைச் சொல்லும். 'எல்' ஒலிபெருக்கியை இயக்கும் வலு வால்வு. 'எச்' மீடிறன் கலக்கும் வால்வு. 'இசட்' இருபுறம் திருத்தி. 'எம்' பச்சை நிறத்தில் ஒளிரும் மாயக்கண். ஆகவே ஈ.சி.எச். 81, ஈ.எப். 89, ஈ.பி.சி. 81, ஈ.எல். 84, ஈ.இசட். 80 என்ற ஐவரும் ஒரு பெட்டியில் வரிசையாக நிற்கக் கண்டால், அது 1950களின் பிற்பகுதியிற் பிறந்த நல்ல குடும்பம் என அறிந்துகொள்ளலாம்.

'யூ' வரிசைப் பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் உலோகத் தட்டு நேரே வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். சொருகியைத் தலைகீழாகச் சொருகினாலோ, வீட்டுக் கம்பி இணைப்பு மாறியிருந்தாலோ, தட்டு முழுவதும் 230 வோல்ற்றாகிவிடும். குமிழ் ஒன்று கழன்று அதன் உலோகத் தண்டு வெளியே நின்றால், அதனைத் தொடும் பிள்ளைக்கு என்ன நேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மின்னியல் நன்கு பயிலாதவர் அவ்வகைப் பெட்டியை விட்டுவிடுவதே நல்லது.

பற்றரிப் பெட்டிகள் வேறு வகை. மின்சாரம் எட்டாத ஊர்களில் அவைதாம் பேசின. அவற்றுக்கு வேண்டிய 90 வோல்ற்றுப் பற்றரியை இன்று கடையிற் காண முடியாது. ஆயினும் ஒன்பது வோல்ற்றுச் சிறு பற்றரிகள் பத்தை வரிசையாகத் தொடுத்தால் அதே 90 வோல்ற்று கிடைத்துவிடும். இணைப்பு மாறி அந்த 90 வோல்ற்று சுடரிழைக்குச் சென்றால் நான்கு வால்வுகளும் ஒரே இமைப்பில் போய்விடும். ஆதலால் இணைப்பதற்கு முன் இரு முறை அளந்து பார்க்க வேண்டும்.

இனி, 'ஸ்டீரியோ' என்ற சொல்லில் மயங்கி வெளிநாட்டிலிருந்து வால்வு ஏற்பியொன்றை வரவழைக்க நினைப்போர்க்குச் சில வார்த்தை. இரு செவிகளுக்கும் இரு வழியாக ஒலி தரும் முறையை ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளும்லின் 1931இல் பதிவு செய்தார். வானொலியில் அது வீட்டுக்கு வந்தது 1961 யூன் முதலாந் திகதி அமெரிக்காவில் ஸ்டீரியோப் பண்பலை தொடங்கிய பின்னரே. இடப்புற ஒலியும் வலப்புற ஒலியும் கூட்டப்பட்டு ஒன்றாகவும், கழிக்கப்பட்டு மற்றொன்றாகவும் ஒரே அலையில் ஏறிவரும். ஏற்பியிலுள்ள பிரிப்புச் சுற்று அவற்றை மீண்டும் இரண்டாக்கும். பிஷர், ஸ்கொட், சன்சூயி முதலிய நிறுவனங்கள் அறுபதுகளில் இவ்வகை ஏற்பிகளைச் சிறப்பாகச் செய்தன. பிஷர் 500-சி ஏற்பியில் வலு வால்வுகள் மட்டும் நான்கு. அதன் ஓசையின் இனிமையை மறுப்பார் இல்லை. ஆனால் அமெரிக்க நாட்டுக்கெனச் செய்த ஏற்பி 117 வோல்ற்று, 60 சுழற்சிக்குரியது. நம் 230 வோல்ற்றுக்கு இடையே இறக்கு ட்ரான்ஸ்போமர் வேண்டும். 50 சுழற்சியில் அதன் உட்சுருள் கூடுதலாகச் சூடேறும். செர்மன் பெட்டிகள் சிலவற்றின் பண்பலை அளவுகோல் 100 மெகாஹேட்சிலோ 104இலோ முடிந்துவிடும். நம் நாட்டில் 108 வரை நிலையங்கள் இருப்பதால் அவற்றுட் சில கேளா. நான்கு வலு வால்வுகளின் விலையும் பார்சற் கூலியும் சேர்ந்தால் ஆசிரியர் ஒருவரின் சம்பளம் அதிற் கரைந்துவிடும். முதன்முறை கைவைப்பவருக்கு, வாப்பா வாங்கிய ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டியே உகந்த பாடநூல் என்பது என் கருத்து.

நான் இவ்வாறு கூறுவது புத்தகம் படித்து மட்டுமன்று. சில ஆண்டுகளுக்கு முன் பொத்துவிலில் ஒரு வீட்டில் விலைக்குக் கேட்டு ஒரு பெட்டியை வாங்கினேன். மேலே சொன்ன ஐவர் குடும்பமே அதிலும் இருந்தது. பின் அட்டையைக் கழற்றியதும் முதலில் வெளிவந்தது ஒலிபெருக்கிக் கூம்பிற் கட்டியிருந்த குளவிக்கூடு. அடுத்து கரப்பான் முட்டைகள். பின் ஒரு பல்லியின் எலும்பு. எலி கடித்த இறப்பர்க் கம்பிகள் தொட்டவுடன் தூளாயின. மென்மையான ஓவியத் தூரிகை ஒன்றால் மூன்று மாலை நேரம் தூசி தட்டினேன். முகப்புக் கண்ணாடியைத் துடைப்பதில் மட்டும் மிகுந்த அவதானம் தேவை. ஹில்வெர்சம், லண்டன், பரிசு என்ற அப்பெயர்கள் கண்ணாடியின் உட்புறத்தில் எழுதப்பட்டவை. ஈரத்துணி பட்டால் ஊர்கள் எல்லாம் துணியோடு வந்துவிடும். வெளிப்புறத்தை மட்டுமே துடைக்க வேண்டும்.

கடற்காற்று செய்யும் வேலை வேறு எந்த ஊர்க்காரருக்கும் அவ்வளவாகத் தெரியாது. உப்பு ஈரத்தை இழுக்கின்றது. ஈரமும் உயர் வோல்ற்றளவும் சேர்ந்த இடத்தில் மயிரிழையிலும் மெல்லிய செப்புக் கம்பி மெல்ல மெல்லப் பச்சை பூத்து அறுந்துவிடுகின்றது. இதனால் முதலிற் பழுதாவது வலு வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்கும் ட்ரான்ஸ்போமர். நான் வாங்கிய பெட்டியிலும் அதன் முதற்சுருள் அறுந்திருந்தது. கல்முனையில் மின்மோட்டார் சுற்றும் ஒரு காக்கா, பழைய சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி அவிழ்த்து, அதே எண்ணிக்கையிற் புதுக் கம்பி சுற்றித் தந்தார். "ஸேர், மூவாயிரத்துக்கு மேல எண்ணினன், நடுவில யாரும் கதைக்கக் கூடாதெண்டு கடையைச் சாத்திப்போட்டன்" என்றார். அத்தகைய கையும் பொறுமையும் உள்ளவர் ஊரில் இருக்கும் வரையில்தான் இப்பெட்டிகளுக்கு வாழ்வு. ஆழிப்பேரலையில் முழுகிய பெட்டி எனின், அதன் ட்ரான்ஸ்போமர்கள் யாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். மரச்சட்டத்தின் நினைவுக்காக அன்றி வாங்காதீர்கள்.

ஆனால் பெட்டியைக் கொல்லும் முதன்மைப் பகைவன் வேறு. வலு வால்வின் நெய்யரிக்கு ஒலியைக் கொண்டு செல்லும் வாயிலில் ஒரு சிறு கண்டென்சர் உண்டு. அக்காலத்தில் அதனைக் காகிதத்தாற் சுற்றி மெழுகிட்டுச் செய்தார்கள். அதன் கடமை ஒலியை மட்டும் விட்டு, முந்திய வால்வின் அனோட்டிலுள்ள உயர் வோல்ற்றளவைத் தடுத்தல். ஆண்டுகள் செல்ல ஈரம் புகுந்து அது கசியத் தொடங்கும். எதிர்ப்புறத்தில் நிற்க வேண்டிய நெய்யரி நேர்ப்புறத்திற்கு இழுபடும். மதகு முழுவதும் திறந்ததுபோல வலு வால்வில் மின்னோட்டம் பெருகும். வால்வு செம்மையாகக் கனலும். அதனோடு திருத்தி வால்வும், சுற்றித் தர ஆளில்லாத ட்ரான்ஸ்போமரும் எரியும். சுவரிற் சொருகிப் பார்க்கும் இளைஞர் அறியாமற் செய்வது இதுவே. பெட்டி ஐந்து நிமிடம் இனிமையாகப் பாடவுங் கூடும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தக் கண்டென்சர் வெளித்தோற்றத்தில் ஏமாற்றும். நான் அதனைக் கழற்றிச் சாதாரண மல்டிமீற்றரில் அளந்தபோது பழுதேதும் காட்டவில்லை. 250 வோல்ற்று கொடுத்துச் சோதித்தபோதுதான் அதன் கசிவு வெளிப்பட்டது. ஆகவே சோதித்துக்கொண்டிராமல், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே மெழுகுக் கண்டென்சர்கள் அனைத்தையும் மாற்றிவிடுவதே முறை. அதே மைக்ரோபரட் அளவில், 630 வோல்ற்றுத் தாங்கும் பொலியெஸ்டர் கண்டென்சர்களைக் கொழும்பு புறக்கோட்டையின் மின்னணுக் கடைகளிற் சொற்ப விலைக்கு வாங்கலாம். வீட்டு மின்சாரக் கம்பிக்குக் குறுக்கே உள்ள கண்டென்சருக்கு மட்டும், அவ்விடத்துக்கெனவே செய்யப்பட்ட பாதுகாப்பு வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வடிகட்டும் பெரிய மின்பகுகண்டென்சரும் உலர்ந்து போயிருக்கும், அதனையும் மாற்றுக. தடையிகளை அளந்து, எழுதிய பெறுமானத்திலிருந்து ஐந்திலொரு பங்குக்கு மேல் விலகியவற்றை மட்டும் மாற்றினாற் போதும். சுருள்களின் மேலுள்ள திருகாணிகளைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலையில் கருவி கொண்டு பொருத்தியவை அவை. "இறுகிக் கிடக்கிறதே" என்று திருப்பியோர் நிலையங்களையெல்லாம் இழந்தார்கள்.

வால்வுகளைப் பற்றி மக்கள் அஞ்சுவது போல் அஞ்சத் தேவையில்லை. ஐந்து வால்வுகளில் நான்கு நல்ல நிலையில் இருப்பதே வழக்கம். ஈ.எல். 84 இன்றும் உருசியாவிலும் சிலோவாக்கியாவிலும் செய்யப்படுகின்றது. கலக்கும் வால்வுகள் பழைய இருப்பிலிருந்தே கிடைக்கும்.

இப்போது மின்சாரம். பின்புறத்தில் வோல்ற்றளவு தெரிவு செய்யும் தட்டு இருந்தால் அதிலுள்ள மிக உயர்ந்த அளவில் வையுங்கள். 60 வாட் இழைமின்குமிழ் ஒன்றைப் பெட்டியோடு வரிசையில் இணையுங்கள். இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. குமிழ் இதற்கு உதவாது. பழைய இழைக்குமிழ் ஒன்றை எங்கிருந்தாயினும் தேடிப் பெற வேண்டும். சொருகியவுடன் குமிழ் ஒரு முறை ஒளிர்ந்து பின் மங்கினால் நல்ல சகுனம். விடாமற் பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ குறுஞ்சுற்று உண்டு, உடனே நிறுத்துங்கள். பெட்டி எரிவதற்குப் பதிலாகக் குமிழ் எரிகின்றது, அவ்வளவே. எல்லாம் சரியெனக் கண்டபின் குமிழை நீக்கி, ஈ.எல். 84 வால்வின் கதோட்டில் அளந்தால் ஏறத்தாழ ஏழு வோல்ற்று இருக்க வேண்டும். பன்னிரண்டு பதினைந்து எனக் காட்டினால் இன்னும் கசிவு உள்ளது என்று பொருள்.

உயிரைப் பற்றிச் சொல்லாமல் இப்பகுதியை விடலாகாது. உள்ளே 250 முதல் 300 வோல்ற்று வரை நிற்கின்றது. நம் வீடுகளிலுள்ள ட்ரிப் சுவிட்சு இதிலிருந்து காக்காது. ட்ரான்ஸ்போமரின் மறுபுறத்தில் நிகழும் அதிர்ச்சியை அது அறியவே மாட்டாது. சொருகியைக் கழற்றிய பின்னும் பெரிய கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சில ஆயிரம் ஓம் தடையி ஒன்றின் வழியாக அதனை வடித்து, மீற்றரில் சுழியம் கண்ட பின்னரே கைவைக்க வேண்டும். மின்சாரம் உள்ளபோது அளப்பதாயின் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அளப்பது பழைய திருத்துநரின் வழக்கம். ஒரு கை வழியே புகும் மின்சாரம் மறு கை வழியே வெளியேற இதயத்தைக் கடக்காதிருத்தற்கே அது. வீட்டில் வேறொருவர் இல்லாதபோது இவ்வேலையில் இறங்காதீர்கள். பழைய செர்மன் பெட்டிகளில் திருத்தி வால்வுக்குப் பதிலாக செலனியத் தகடு இருக்கும். அது கருகினால் அழுகிய முள்ளங்கி போன்ற நாற்றம் எழும். அப்புகை நஞ்சு. சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுக.

அண்மைக் காலத்தில் வேறொரு வழக்கமும் பரவி வருகின்றது. அழகிய பெட்டியின் உள்ளுறுப்புகளை அள்ளி எறிந்து, கைத்தொலைபேசியோடு கம்பியின்றி இணையும் மலிவான ஒலிபெருக்கியொன்றை உள்ளே வைத்து, உல்லாச விடுதிகளின் வரவேற்பு மண்டபத்தில் அலங்காரமாக நிறுத்துகின்றார்கள். அறுகம்பேயில் அலைச்சறுக்க வருவோர் அதனருகே நின்று படம் எடுக்கின்றார்கள். கூடு மட்டும் வேண்டுவோர் கூட்டைப் புதிதாகவே செய்துகொள்ளலாமே. பேசக்கூடிய பெட்டியின் குரல்வளையை ஏன் அறுக்க வேண்டும்? விற்பவர்களும் சற்று யோசிக்க வேண்டும். அள்ளி எறியப்படும் பாகங்களில், அடுத்த தெருவிலுள்ள மற்றொரு பெட்டிக்கு உயிர் கொடுக்கும் வால்வு இருக்கலாம்.

திருந்திய பெட்டியில் எதனைக் கேட்பது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான வினாவே. சிற்றலை நிலையங்கள் உலகெங்கும் அருகிவிட்டன. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017 ஏப்ரலில் நின்றது. ஆயினும் முன்னிரவில் மத்திய அலையின் முள்ளை மெல்ல நகர்த்தினால், கடல் கடந்த நிலையங்கள் சில ஏறியிறங்கிக் கேட்பதுண்டு. பின்புறத்தில் இசைத்தட்டுக்கென விடப்பட்ட இரு துளைகளின் வழியாகக் கைத்தொலைபேசியிலிருந்து பழைய பாடல்களையும் ஒலிக்கச் செய்யலாம். 'ஈ' வரிசைப் பெட்டிக்கு மட்டுமே இது பொருந்தும். 'யூ' வரிசைப் பெட்டியோடு தொலைபேசியை ஒருபோதும் இணைக்காதீர்கள்.

இரு தென்னைகளுக்கிடையே நாற்பதடிச் செப்புக் கம்பி கட்டி, நல்ல நிலத்தொடுப்பும் கொடுத்தால் மத்திய அலை தெளிவு பெறும். மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடி முழங்கும் ஓசை தொலைவிற் கேட்டதுமே அக்கம்பியைப் பெட்டியிலிருந்து பிரித்து நிலத்தொடுப்போடு சேர்த்துவிடுங்கள். மழைக்காலம் முழுவதும் வாரத்தில் ஒரு நாளாவது பெட்டியை ஒரு மணி நேரம் ஒலிக்க விடுங்கள். வால்வுகளின் சூடு உள்ளே தங்கும் ஈரத்தை உலர்த்தும். குளவியும் அதன் பிறகு வேறிடம் பார்க்கும்.